ரிப்பன் வெட்டாத பூட்டுகள்

என் தங்கை எதையெல்லாம் வென்றாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றையெல்லாம் தானே பெருந்தன்மையாகக் கொடுத்ததாகக் கம்பெனி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறது. அதனால் வரிசையாக எழுதி வைப்பது நல்லது.

சட்டம் சொன்ன இழப்பீட்டைக் குறையில்லாமல் வாங்கினாள். கம்பெனி பலி கொடுக்கத் தயாராக வைத்திருந்த ஒரு மனிதரின் வேலையை மீட்டுக் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்த மூன்று சுவிட்சுகளையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவர வைத்தாள். நடைக்கூடத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறக்க வைத்தாள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அதன் சாவி இப்போது அவள் இடுப்பில் தொங்குகிறது. மேலாளரே வந்து கேட்டாலும் தர மாட்டாள்.

இவ்வளவையும் வென்றவள் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எதிரே நின்றவர்கள் எல்லோரும் கழுத்துப்பட்டை கட்டியவர்கள்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாததற்கும் காரணம் உண்டு. அவளுக்கு இடது கைப் பழக்கம். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அது பெரிய குற்றமாகப் பட்டது. அவள் இடது கையில் பலப்பத்தை எடுத்தாலே பிரம்பு வரும். வலது கைக்கு மாற்றினால் எழுத்து நண்டு ஊர்ந்ததுபோல் வரும். அதற்கும் பிரம்பு வரும். ஒரு நாள் ஸ்லேட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, "இந்தாங்க, நீங்களே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை. பிற்பாடு அந்த வாத்தியாருக்கு நல்லாசிரியர் என்று மாலை போட்டார்கள். நான் கைதட்டவில்லை.

நான் எட்டாவது வரை போய்விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அவள் வளர்ந்ததும் பிஸ்கட் கம்பெனிக்குப் போனாள். சம்பளப் பட்டியல், விடுப்புச் சீட்டு எல்லாவற்றிலும் இடது கைக் கட்டைவிரலை மையில் தொட்டு வைப்பாள். சம்பளம் கொடுக்கும் குமாஸ்தா ஒவ்வொரு தடவையும், "கைநாட்டு வரிசை இந்தப் பக்கம்" என்று உரக்கக் கத்துவான். அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம். இவள் விரலைத் துடைக்கும் சாக்கில் அவன் மேசை விரிப்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வருவாள். இவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கம்பெனியில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. 'சங்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. ஷிப்டு முடிகிற சங்கு ரிப்பேரானால் இவளை மொட்டை மாடியில் ஏற்றிக் கத்தச் சொன்னால் போதும் என்பார்கள். அந்தக் குரலுக்கு அங்கே ஒரு வேலையும் இருந்தது. அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பிஸ்கட் மாவைப் பிசைகிற கூடத்தில் மூன்று எஃகுத் தொட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்காரலாம். உள்ளே வளைந்த இரும்புக் கைகள் இரண்டு சுற்றும். ஒவ்வொரு தடவையும் மாவை எடுத்த பிறகு, அந்தக் கைகளிலும் தொட்டியின் ஓரத்திலும் மாவு ஒட்டிக் கிடக்கும். சுரண்டாமல் விட்டால் காய்ந்து கல்லாகிவிடும். என் தங்கையின் வேலை சுரண்டுவது. இரும்புப் படியில் ஏறி நின்று, இடுப்பு வரை உள்ளே குனிந்து, வலது கையால் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் சுரண்டுவாள்.

சுவிட்சுகள் அங்கே இல்லை. மாவுத் தூசி புகுந்தால் சுவிட்சு கெட்டுப்போகுமாம். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் தனி அறை. ஆளின் கை கெட்டுப்போகும் என்று யோசித்தவர்கள் யாரும் இல்லை. அந்த அறையில் ஒரு முக்காலியில் சுவிட்ச்காரர் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அண்ணன் வயசு. அமைதியான மனிதர். சுவரில் ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை இருக்கும். அதன் வழியே அவருக்குத் தொட்டி தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

இவள் கையை உள்ளே விடுவதற்கு முன்னால், "உள்ளே!" என்று கத்துவாள். அவர் அங்கிருந்து, "உள்ளே!" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்வார். சுரண்டி முடித்து இறங்கியதும், "வெளியே!" என்று கத்துவாள். அவரும், "வெளியே!" என்று சொன்ன பிறகுதான் பச்சைப் பொத்தானைத் தொடுவார்.

சில நாள் இவள் வெளியே வர நேரமாகும். அவர் ஓட்டை வழியாகக் கேட்பார்:

"என்ன சங்கு, உள்ளயே குடித்தனம் வச்சுட்டியா?"

"வாடகை குறைவுண்ணே, அதான்!"

மெஷின் சத்தத்தையும் மீறிக் கூடமே சிரிக்கும்.

அந்தக் கம்பெனியில் இருந்த பாதுகாப்பு இந்த இரண்டு வார்த்தைதான். அதை யாரும் எழுதித் தரவில்லை, எந்தப் படிப்பாளியும் வந்து சொல்லித் தரவில்லை. வேலை செய்கிறவர்கள் உயிர்ப் பயத்தில் தாங்களே உண்டாக்கிக்கொண்டது. அது ஓட்டை ஏற்பாடுதான். நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை வருஷமும் அதுதான் அவள் கையைக் காப்பாற்றியது.

இப்போது மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைத் தலைக்கவசம் ஒன்று வைத்திருந்தார். புகைப்படம் எடுக்கும்போது மட்டும் போடுவார். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அதன் பின்பக்கத்தில் அப்படியே இருக்கும். பிஸ்கட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்வையிடும் நாள் ஒன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அந்த நாளைத் தவிர வேறு எந்த நாளிலும் அவர் மாவுக் கூடத்துக்குள் கால் வைத்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஒரு தடவை வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், "மெஷினுக்குள் கை விடுகிறவர்கள் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டுமே, அது உலகத் தரம் ஆயிற்றே, பூட்டு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். மறு வருகைக்குள் பூட்டு வந்துவிட்டது. எங்கே? நடைக்கூடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே விளக்குப் போட்டு. ஆறு சிவப்புப் பூட்டுகள், ஆறு சிவப்பு அட்டைகள். நகைக் கடைக்காரன் தோற்றான். பெட்டியின் சாவி மேலாளரின் மேசை இழுப்பறைக்குப் போனது. அந்தக் கண்ணாடியை வாரா வாரம் பளபளவென்று துடைக்கும் வேலை யாருக்குக் கிடைத்தது என்கிறீர்கள்? என் தங்கைக்குத்தான். தன் கையைக் காப்பாற்ற வேண்டிய பூட்டைத் தன் கையாலேயே வெளியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பூட்டு என்னைப் பாத்துச் சிரிக்குது" என்பாள்.

"நீயும் திருப்பிச் சிரி" என்பேன்.

வருகை நாள் வந்தால் கம்பெனியே கல்யாண வீடுபோல் ஆகிவிடும். சுவரில் பெயின்ட் காயாது. காலையில் எல்லோருக்கும் பூட்ஸ், தொப்பி, கையுறை கொடுப்பார்கள். மாலையில் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு வருஷம் இவளுக்குக் கிடைத்த பூட்ஸ் இரண்டும் இடது கால். மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"சார், ரெண்டும் ஒரே கால் சார்."

"நீ நிக்கத்தான போற? ஊர்வலமா போகப் போற?"

மேற்பார்வையாளர் என்ற பிறவியைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

அந்த வருஷம் புதிதாக ஒன்று வந்தது: காதடைப்பான். ஆரஞ்சு நிறத்தில், விரல் நுனியளவு பஞ்சு. இரைச்சல் உள்ள இடங்களில் காதைப் பாதுகாக்க வேண்டுமென்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். நல்ல விஷயம்தான். இத்தனை வருஷம் காது இரைந்துகொண்டு வீட்டுக்கு வந்தவள் என் தங்கை. ஆனால் இவர்கள் அதைக் காதுக்காகவா வாங்கினார்கள்? ஆரஞ்சு நிறம் படத்தில் எடுப்பாகத் தெரியும் என்று வாங்கினார்கள்.

காலையில் எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினார் மேலாளர். பின்னால் பெரிய பதாகை: 'பாதுகாப்பே எங்கள் மூச்சு.' முன்வரிசையில் உயரம் குறைந்தவர்கள். அதில் சுவிட்ச்காரரும் ஒருவர். எல்லோரும் காதில் ஆரஞ்சுப் பஞ்சோடு சிரிக்க வேண்டும். சிரித்தார்கள். படம் எடுத்து முடித்ததும் மேலாளர் சொன்னார்:

"கேட்டுக்குங்க. விசிட்டு முடியற வரைக்கும் காதுல இருந்து எவனாவது எடுத்தான்னா, அப்படியே கேட்டத் தாண்டி வீட்டுக்குப் போயிடலாம்."

பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. காதில்தான் பஞ்சு இருந்ததே. பக்கத்தில் இருந்தவர்கள் சைகையில் சொன்னார்கள்.

சுவிட்ச்காரருக்கு மேற்பார்வையாளர் தனியாக ஓர் உத்தரவு போட்டார். வெள்ளைக்காரர்கள் கூடத்துக்குள் நுழையும்போது மூன்று தொட்டியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நிற்கிற மெஷின் படத்துக்கு நன்றாக இருக்காது என்று. அதே மேற்பார்வையாளர் இந்தப் பக்கம் வந்து என் தங்கையிடம் இன்னோர் உத்தரவு போட்டார்.

"மூணாவது தொட்டில கட்டி தெரியுது பாரு. வந்துட்டே இருக்காங்க. சீக்கிரம் சுரண்டு."

இவள் படியேறி, "உள்ளே!" என்று கத்தினாள். பதில் கேட்கவில்லை. தன் காதில் பஞ்சு இருக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்தாள். மறுபடியும் கத்தினாள். மேற்பார்வையாளர் பின்னால் நின்று கையை ஆட்டி அவசரப்படுத்தினார். குனிந்து கையை விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சுவிட்ச்காரர் இரண்டு காதிலும் பஞ்சோடு, எந்தக் குரலும் வரவில்லை என்று நம்பி, சொன்ன நேரத்துக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

கம்பெனியிலேயே பெரிய குரல் அவளுடையது. அதைத் தோற்கடிக்க விரல் நுனியளவு பஞ்சு போதுமாக இருந்தது.

வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போயின. அந்த நேரத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அவளை முன்வாசல் வழியாகக் கொண்டுபோகவில்லை. அங்கே விருந்தாளிகளின் கார் நின்றது. பின்வாசல் வழியாக, மாவு மூட்டை ஏற்றும் வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விருந்தாளிகளிடம், சின்ன மின்தடை, கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள். அவர்களும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள், பிஸ்கட் தின்றார்கள். பிறகு கழுவித் துடைத்த கூடத்தைப் பார்த்தார்கள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பெட்டியைத் திறந்து காட்டு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உலகத் தரம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்கு ஒரு சுவரைத் தாண்டிப் பார்க்க நேரமில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் மேலாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூடவே சம்பளக் குமாஸ்தா, ஒரு பை ஆப்பிள், ஒரு மைப்பெட்டி. நான் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"எப்படிம்மா இருக்க?" என்றார் மேலாளர். அவள் பெயர் அவருக்குத் தெரியாது. அதனால் 'அம்மா'. பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, உனக்கு இடது கைப் பழக்கமாமே. கடவுள் காப்பாத்துனார். அப்ப பெரிய நஷ்டம்னு சொல்ல முடியாது" என்றார்.

என் தங்கை என்னைப் பார்த்தாள். "அக்கா, எனக்கு இடது கைப் பழக்கம்னு சந்தோஷப்பட்ட மொத ஆளு இவருதான்."

குமாஸ்தா ஒரு தாளை எடுத்து வாசித்தான். விபத்துக்கு முழுக் காரணம் சுவிட்ச்காரரின் கவனக்குறைவு. கம்பெனி எல்லாப் பாதுகாப்பும் செய்து கொடுத்திருந்தது. பூட்டும் இருந்தது, தொழிலாளிதான் பயன்படுத்தவில்லை. இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

"என் மனசுல என்ன இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் அவள்.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இத பாரும்மா. இதுல விரல வச்சா சட்டம் சொல்றதுக்கு மேலயே போட்டுத் தரோம். கேட்டுல உக்காந்து வர்றவங்களுக்கு அட்டை குடுக்கற வேலையும் தரோம். ராணி மாதிரி இருக்கலாம்."

"அவரு?"

"யாரு?"

"சுவிட்ச்காரண்ணன்."

"அவன போலீஸ் பாத்துக்கும். தப்பு செஞ்சவன் அனுபவிக்க வேண்டியதுதான?"

"அவரு காதுல பஞ்ச வச்சது யாரு சார்?"

மேலாளர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தாளைப் பார்த்தான். 

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. விரல மட்டும் குடு" என்றார் மேலாளர்.

அவள் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். குமாஸ்தா சிரித்துக்கொண்டே, "சின்னப் புள்ளையா நீ?" என்று போர்வைக்குள் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"உள்ளே!"

அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது. குமாஸ்தா துள்ளியதில் மைப்பெட்டி அவன் சட்டை மேலேயே கவிழ்ந்தது. மேலாளர் எழுந்த வேகத்தில் ஆப்பிள் பை கிழிந்து, பழங்கள் அடுத்தடுத்த கட்டிலுக்கு அடியில் உருண்டன. நர்ஸ் ஓடி வந்து, "பேஷன்ட்ட என்ன பண்றீங்க? வெளிய போங்க ரெண்டு பேரும்!" என்று வாசலைக் காட்டினாள்.

"வெளியே!" என்றாள் என் தங்கை, அவர்கள் முதுகைப் பார்த்து. வார்டே சிரித்தது.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்து அறிவாளிகள் வந்தார்கள். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வாயை மூடு என்றார்கள். சுவிட்ச்காரன் என்ன உனக்கு மாமனா மச்சானா என்றார்கள். அவர்கள் வீட்டுத் துணிகளை அந்த மாதம் நான் தைத்துக் கொடுக்கவில்லை.

சுவிட்ச்காரரும் ஒரு நாள் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நாளைக்கு ஜெயிலா வீடா என்பது என் தங்கையின் கட்டைவிரலில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கை எப்படி இருக்கு, சங்கு?"

"இருக்கற வரைக்கும் நல்லா இருக்குண்ணே."

அவர் அழுதார். "எனக்குக் கேக்கலம்மா. சத்தியமா கேக்கல."

"உனக்குக் கேட்டிருந்தா நீ அழுத்தியிருக்க மாட்டே. எனக்குத் தெரியாதா? உள்ள வாண்ணே, டீ குடி."

அவர் போன பிறகு நான் கேட்டேன்: "என்ன பண்ணப் போற?"

"விரல வைக்க மாட்டேன், அக்கா. நான் ஒரு தடவ விரல வச்சா அவருக்கு வாழ்க்கையே போயிடும். அதுக்கு எனக்கு மிச்சம் இருக்கற விரலும் போகலாம்."

அவள் ரேகை வைக்காததால் விவகாரம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து ஓர் அதிகாரி கம்பெனிக்கே வந்து விசாரித்தார். அவரைப் பெரிய நீதிமான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வருஷா வருஷம் வந்து, அதே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று டீ குடித்துவிட்டு, 'திருப்தி' என்று எழுதிப் போனவர் அவர்தான். அன்றைக்கும் நேரத்தோடு முடித்துவிட்டுக் கிளம்புகிற அவசரத்தில்தான் இருந்தார். துணைக்கு நான் போயிருந்தேன். மேல்மாடி அறையில் நீளமான மேசை. ஒரு பக்கம் மேலாளர், குமாஸ்தா, மேற்பார்வையாளர். எதிரே நாங்களும் சுவிட்ச்காரரும்.

மேலாளர் சரளமாகப் பேசினார். சுவிட்ச் அறையில் இரைச்சலே கிடையாது, அங்கே காதடைப்பான் தேவையும் இல்லை, கொடுக்கவும் இல்லை, அந்த ஆள் தூங்கிவிட்டு இப்போது பஞ்சின் மேல் பழி போடுகிறார் என்றார். மேற்பார்வையாளர், "ஆமா சார், நான் என் கண்ணால பாத்தேன், அவர் காதுல ஒண்ணும் இல்ல" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.  கொஞ்சம் விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

என் தங்கை எழுந்தாள். "சார், கீழ மாடிப்படி ஆரம்பிக்கற எடத்துல மாட்டியிருக்கற போட்டோவ எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

மேலாளரின் முகம் போன போக்கை நான் நிதானமாகப் பார்த்தேன். இதுதான் அந்த ஆள் செய்த தவறு. வேறு யாருக்கும் வராத தவறு. சான்றிதழ் வாங்கிய பெருமையில், அன்று காலை எடுத்த படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு மேலே மாட்டிவைத்திருந்தார். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவரும் தினமும் பார்த்தார், ஆனால் நடுவில் நிற்கிற தன்னை மட்டும்.

படம் வந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்வரிசையில், மேலாளரின் முழங்கைக்குப் பக்கத்தில், சுவிட்ச்காரர் சிரித்துக்கொண்டு நின்றார். முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்ததால் காதில் ஆரஞ்சுப் பஞ்சு பளிச்சென்று தெரிந்தது. பஞ்சை வாங்கியவர்கள் நினைத்தது சரிதான். அந்த நிறம் படத்துக்கு எடுப்பு.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய படத்தைப் பார்க்காததுபோல் இருக்க அவராலும் முடியவில்லை. "அப்ப... அந்தப் பூட்டு? தொழிலாளி பயன்படுத்தலன்னு எழுதியிருக்கீங்களே. அதையும் பாத்துடலாம்" என்றார்.

எல்லோரும் கீழே இறங்கினோம். கண்ணாடிப் பெட்டியின் சாவியைத் தேடினார்கள். மேலாளரின் இழுப்பறையைக் கவிழ்த்தார்கள். அதில் பேனா, ஏலக்காய், தலைக்கவசத்தின் ரசீது எல்லாம் இருந்தன, சாவி இல்லை. குமாஸ்தாவைக் கேட்டால் மேற்பார்வையாளரைக் காட்டினான். அவர் வாட்ச்மேனைக் காட்டினார். வாட்ச்மேன் மேலே வானத்தைக் காட்டினான். கடைசியில் எலக்ட்ரீஷியன் ஒரு திருப்புளி கொண்டுவந்து கீலைக் கழற்றினான்.

உள்ளே ஆறு பூட்டுகளும் ஒரே சிவப்பு ரிப்பனில் கோத்துக் கட்டியிருந்தன. கடையிலிருந்து வந்தபடி. ரிப்பனை யாரும் வெட்டியதே இல்லை. ரிப்பனின் முடிச்சு பின்பக்கமாக இருந்ததால், அத்தனை மாதம் கண்ணாடியைத் துடைத்த என் தங்கைக்கே அது தெரிந்திருக்கவில்லை.

"இதத்தான் நான் பயன்படுத்தலன்னு எழுதினீங்களா, சார்?" என்றாள்.

மேலாளர் தலைக்கவசத்தைத் தேடுகிறவர்போல் தலையைத் தடவிக்கொண்டார்.

இழப்பீடு வந்தது, இடது கைக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. சுவிட்ச்காரர் வேலைக்குத் திரும்பினார். சுவிட்சுகள் தூசி புகாத டப்பாவுக்குள் தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்தன. அப்படி ஒரு டப்பா கடையில் எப்போதுமே கிடைத்துக்கொண்டுதான் இருந்ததாம். மேலாளருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் பெரிய கிளைக்கு மாற்றினார்கள். போகிற இடத்துக்குப் படத்தையும் கொண்டுபோனாரா என்று தெரியவில்லை.

ஆனால் போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு விஷத்தைக் கக்கிவிட்டுத்தான் போனார். காயம் ஆறி என் தங்கை வேலைக்குப் போனபோது, அவளை மாவுக் கூடத்துக்குள் விடவில்லை. கேட்டில் அட்டை கொடு என்றார்கள்.

"சுரண்டறது இடது கை, சார். அது இருக்கு. பிடிச்சுக்க ரெண்டு விரல் போதும். என் வேலைய எனக்குக் குடுங்க" என்றிருக்கிறாள்.

அதற்கு மேலாளர், பூட்டோடு தொங்குகிற சிவப்பு அட்டையைக் காட்டினார். அதில் 'பூட்டியவர் கையெழுத்து' என்று ஓர் இடம் இருக்கிறது. மாவுக் கூடத்தில் மைரேகை வைத்தால் அழிந்துவிடும். யார் பூட்டினார்கள் என்று தெரியாது. அதனால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள்தான் பூட்டலாம், பூட்டியவர்கள்தான் தொட்டிக்குள் கை விடலாம். "நான் என்னம்மா பண்றது? உலகத் தரம் அப்படி" என்றார். அவ்வளவு காலம் ரிப்பனில் கட்டி வைத்திருந்த உலகத் தரம், இவளைக் கேட்டுக்கு அனுப்ப மட்டும் கட்டவிழ்ந்து வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நேராக என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, என் பேர எழுதிக் காட்டு."

நான் துணி வெட்டும் சுண்ணக்கட்டியை எடுத்து, ஒரு கறுப்புத் துண்டுத் துணியில் எழுதினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன் இப்படிக் கோணலா இருக்கு?"

"என் எழுத்து அழகுன்னு ஊரே சொல்லும்டி."

"ஊரு பொய் சொல்லியிருக்கு."

சுண்ணக்கட்டியை இடது கையில் வாங்கினாள். வெட்டுத் துணி எல்லாம் அவள் பெயராகிப்போனது. ஒரு வாடிக்கையாளரின் காற்சட்டைத் துணியிலும் எழுதிவிட்டாள். துவைத்தால் போய்விடும் என்று சொல்லித் தைத்துக் கொடுத்தேன். முதலில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. பிறகு வரிசையில் நின்றன. எல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்து, எதிர்க்காற்றில் நடக்கிறவர்களைப்போல. பிரம்போடு யாரும் பக்கத்தில் நிற்காததால் சீக்கிரமே வந்துவிட்டது.

கம்பெனிக்குப் போய்ப் பெயர் எழுதத் தெரியும் என்றாள். குமாஸ்தா நம்பவில்லை. மாவுக் கூடத்துக்கே கூட்டிப் போனான். அங்கேயே எழுதிக் காட்ட வேண்டுமாம். கூடம் முழுக்க வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். இவள் மூன்றாவது தொட்டியின் சுவிட்சை அணைத்து, சிவப்புப் பூட்டைப் போட்டுச் சாவியை உருவி இடுப்பில் செருகினாள். அட்டையைச் சுவரில் வைத்துப் பேனாவை எடுத்தாள்.

"இடது கையாலயா?" என்றான் குமாஸ்தா.

"ஆமா. உங்க சாரே சொன்னாரே, கடவுள் காப்பாத்துன கைன்னு."

நிதானமாக எழுதினாள். பிறகு படியேறி, பூட்டிய மெஷினுக்கு அது தேவையே இல்லையென்றாலும், "உள்ளே!" என்று கத்தினாள். பக்கத்திலேயே நின்ற சுவிட்ச்காரர், தேவையே இல்லையென்றாலும், "உள்ளே!" என்றார்.

அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் மாவு ஒட்டியிருக்கிறது. பெயருக்குக் கீழே தேதியையும் அவளே எழுதியிருக்கிறாள்: 2019, ஜூன் 11, செவ்வாய்க்கிழமை.